கல்ச்சர் போட்டாச்சுங்களா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல குடல்ல வர்ற பாக்டீரியா சீக்குகளப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன், நான் கோயமுத்தூர்ல முப்பது வருசத்துக்கு மேல மைக்ரோபயாலஜி, அதாவது கிருமியப் பத்தின படிப்பு, சொல்லிக்குடுத்தவ, அதப் படிச்சுட்டு கடுதாசியும் வாட்ஸப்புமா கேள்விக கொட்டிருச்சுங்க. ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன், நான் பிஎச்டி டாக்டர், ஊசி போடற டாக்டர் இல்ல. அதனால "எம்பட பையனுக்கு என்ன மாத்திரை குடுக்கறது"ன்னு வந்ததுக்கெல்லாம் இங்க பதில் இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. அப்பறம், தலைப்புல இருக்கற கல்ச்சர்னா சாம்பிள்ல இருக்கற கிருமிய லேப்ல வளத்திப் பாக்கறதுங்க.

கேள்வி: என்ற பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு பிஎஸ்சி மைக்ரோபயாலஜிதான் படிப்பேங்கறா. ஒரம்பரைக எல்லாம் "அடுத்தவன் பேண்டத நோண்டற படிப்புக்கா பணங் கட்டறே"ன்னு கேக்கறாங்க. சேத்தலாமுங்களா? (ஒரு அம்மா, கோபிச்செட்டிபாளையம்)

ஒரம்பரைக சொல்றது பொய்யில்லீங்க அம்மிணி, நோண்டற வேலைதான். ஆனா காலராவும் சீதபேதியும் எதனால வருதுன்னு கண்டுபுடிச்சது அத நோண்டினவங்கதான். பொண்ணுக்கு ஆசையிருந்தா சேத்துங்க. காலேஜ்ல அட்மிசன் போடறவங்க சொல்லாத சங்கதிய நான் சொல்லிர்றேன், பிஎஸ்சியோட நிறுத்திட்டா சம்பளம் கம்மிங்க. பால் கம்பெனி, மருந்துக் கம்பெனி, தண்ணி கேன் கம்பெனில எல்லாம் குவாலிட்டி கண்ட்ரோல் வேலை, இல்லாட்டி லேப்ல டெக்னீசியன் வேலை, அப்படித்தான் கெடைக்கும், அதுவும் கௌரவமான வேலைதான். சொல்லிக்குடுக்கணும், ஆராய்ச்சி பண்ணணும்னா எம்எஸ்சி ரெண்டு வருசம், அப்பறம் சிஎஸ்ஐஆர் நெட்டோ ஐசிஎம்ஆர் ஜேஆர்எஃப் பரிட்சையோ எழுதி பாஸாகணும். ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கெடைச்சுதுன்னா 2023 ஜனவரில இருந்து மாசம் 37,000 ரூவா, ரெண்டு வருசங் கழிச்சு 42,000, வாடகைப்படி தனி. அதாவது பிஎச்டி படிக்கறதுக்கு அவங்க நமக்கு பணங் குடுக்கறாங்க, இத ஒரம்பரைககிட்ட சத்தமா சொல்லுங்க. முடியறதுக்கு அஞ்சாறு வருசம் ஆகும், நடுவுல கல்யாணப் பேச்சு வரும், அதுக்கு இந்த பத்திரிகைலயே வேற பகுதி இருக்குது அங்க கேட்டுக்குங்க.

இன்னொரு ரூட்டு எம்பிபிஎஸ் முடிச்சுட்டு எம்டி மைக்ரோபயாலஜி. மெடிக்கல் காலேஜ்ல வாத்தியாரா போகோணும்னா அதுதான் பலம், எம்எஸ்சி பிஎச்டி படிச்சவங்கள அங்க எடுக்கறதுக்கு விதிகள மாத்திட்டே இருக்கறாங்க, அதுல எனக்கு வருத்தம் உண்டு, கிருமி வளந்த ப்ளேட்டப் பாத்து எந்தக் கிருமின்னு சொல்றதுக்கு ஸ்டெதஸ்கோப் எதுக்குங்க?

கேள்வி: மேடம், ஸ்டூல் சாம்பிள்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்குதுன்னு படிக்கறோம். அதுல சீக்கு குடுத்தது எதுன்னு எப்படி பிரிச்சு எடுக்கறாங்க? எங்க காலேஜ்ல ப்ளேட்ட தூரத்துல இருந்து காமிச்சுட்டு உள்ள வெச்சுர்றாங்க. (பிஎஸ்சி ரெண்டாம் வருச மாணவன், ஈரோடு)

தம்பி, இதுதான் எனக்குப் புடிச்ச கேள்வி, நீளமா சொல்றேன் பொறுத்துக்க. ஒரு கிராம் மலத்துல பல ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்குது, அதுல பெரும்பாலானது காத்துப் பட்டா வளராத ஜாதி, சும்மா இருக்கறதுக. நாம தேடற ஆளு அந்தக் கூட்டத்துல நாலஞ்சு பேரா ஒளிஞ்சிருப்பான். அதனால மொத வேலை மத்தவங்கள வளர விடாம பண்றது. மெக்காங்கி அகார்னு ப்ளேட்டுல ஊத்தற ஒரு மீடியா, அதாவது கிருமிக்குத் தீனி, அதுல பித்த உப்பு போட்டிருக்கும், குடல்ல வாழ்ந்து பழகாத பல ஜாதி அங்கயே அடங்கிரும். அதுல லாக்டோஸ் சர்க்கரையும் இருக்குது, நியூட்ரல் ரெட்டுங்கற சாயமும் இருக்குது, குடல்ல சாதாரணமா இருக்கற ஈ.கோலை லாக்டோஸ தின்னு அமிலம் விடும், காலனி, அதாவது ஒரு கிருமில இருந்து பெருகி கூட்டமா நிக்கற புள்ளி, ரோஸ் கலர் ஆயிரும். டைஃபாய்டு ஜாதி சால்மொனெல்லாவும் சீதபேதி குடுக்கற ஷிகெல்லாவும் லாக்டோஸத் தொடாது, வெளுத்தாப்பல கண்ணாடியா நிக்கும். அத எக்ஸ்எல்டிங்கற இன்னொரு மீடியா ப்ளேட்டுல பாத்தீன்னா ஷிகெல்லா சிவப்பா இருக்கும், சால்மொனெல்லா சிவப்புக்கு நடுவுல கருப்புப் பொட்டு வெச்சிருக்கும், ஹைட்ரஜன் சல்பைடு விடறதால வர்ற கருப்பு. காலராவுக்கு டிசிபிஎஸ்னு பச்சைக் கலர் மீடியா, விப்ரியோ காலரே அதுல மஞ்சளா வரும்.

இது சொல்றதுக்கு சுலுவு, கைல வர்றதுக்கு நாளாகும். வர்ற பசங்க எல்லாம் மொத மாசம் லூப்ப, அதாவது கிருமிய எடுத்து இழுக்கற வளையக் கம்பிய, நெருப்புல சிவக்கக் காய்ச்சிட்டு ஆறறதுக்கு முன்னாடியே அகார்ல வெப்பாங்க, ஸ்ஸ்ஸுன்னு சத்தம் வரும், எடுத்த கிருமி அங்கயே காலி. இல்லாட்டி அழுத்தி இழுத்து அகார உழுது வெச்சிருவாங்க, அடுத்த நாள் அந்த கோட்டுக்குள்ளாறயே எல்லாம் ஒண்ணாக் கூடி வளந்திருக்கும், தனித்தனி காலனி ஒண்ணு கூட இருக்காது. லூப்ப பட்டும் படாம புடிச்சு, நாலு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துலயும் லூப்ப மறுபடி காய்ச்சி இழுத்தாத்தான் கடைசிப் பக்கத்துல ஒத்தை ஒத்தையா வரும். அந்த ஒத்தைக் காலனிதான் எல்லாத்துக்கும் ஆதாரம்.

அது வந்ததுக்கு அப்பறமேட்டுக்கு டிஎஸ்ஐ ட்யூப், யூரியேஸ், இண்டோல்னு கிருமி எதத் தின்னு என்ன விடுதுன்னு பாக்கற டெஸ்டுக வரிசையாப் போகோணும். டைஃபாய்டு கிருமி டிஎஸ்ஐல கேஸ் விடாது, சாய்வு முடியற இடத்துல லேசா மீசையாட்டம் ஒரு கருப்புக் கோடு மட்டும் விடும், அத மொதத் தடவ தானாக் கண்டுபுடிக்கற ஸ்டூடன்ட் மொகத்தப் பாக்கோணும். அப்பறம் ஸ்லைடுல ஆன்டிசீரம், அதாவது அந்தந்தக் கிருமியோட மட்டும் ஒட்டற திரவம், போட்டு கட்டி தட்டுதான்னு பாத்து, எந்த மருந்து கேக்கும்னு மருந்து தோச்ச டிஸ்க் வெச்சு, இத்தனையும் முடிய மூணு நாள் ஆகும். மொத நாள் மத்தியானமே வார்டுல இருந்து போன் வரும் "மேடம் ரிப்போர்ட் ஆச்சுங்களா"ன்னு. கிருமி வளர்றதுக்கு அதோட நேரம் வேணும், போன் பண்ணா வேகமா வளராது, இதத்தான் சர்வீஸ் பூரா சொல்லிட்டே இருந்தேன்.

ஒண்ணு முக்கியம், சாம்பிள் ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேபுக்கு வரோணும், இல்லாட்டி கேரி பிளேர்னு கிருமி சாகாம வெச்சிருக்கற மீடியத்துல போட்டு அனுப்போணும். வெயில்ல பைக் டேங்க் கவர்ல சுத்திட்டு பொழுதோட வந்து சேர்ற சாம்பிள்ல ஷிகெல்லா எப்பவோ செத்திருக்கும், ரிப்போர்ட்டுல "கிருமி இல்லை"ன்னு வரும், அந்தாளுக்கோ ரத்தமும் சளியுமா போய்ட்டிருக்கும்.

கேள்வி: எனக்கு காய்ச்சல் வந்தாலே வைடால் டெஸ்ட் எடுத்துட்டு டைஃபாய்டுங்கறாங்க. ஒரே வருசத்துல மூணு தடவ டைஃபாய்டு வருமுங்களா? (பனியன் கம்பெனி தொழிலாளி, திருப்பூர்)

மூணு தடவயும் டைஃபாய்டா இருக்க வாய்ப்பு கம்மிங்க. வைடால் டெஸ்ட் 1896ல வந்தது, பிரான்ஸ்காரர் ஃபெர்னான்ட் வைடால் பேர்ல. அது கிருமியப் பாக்கறதில்ல, கிருமிக்கு எதிரா உங்க ரத்தத்துல ஊறின ஆன்டிபாடியப் பாக்குது. எப்பவோ வந்து போன டைஃபாய்டுக்கும் அது இருக்கும், தடுப்பூசி போட்டிருந்தாலும் இருக்கும், வேற சால்மொனெல்லாவுக்கும் ஏறும், சமயத்துல மலேரியாவுக்குக் கூட ஏறும். பழைய பஸ் டிக்கெட்டப் பாத்து ஆளு இன்னைக்கு எந்த ஊர்ல இருக்கறான்னு சொல்றாப்பல இருக்குது ஒத்த வைடால வெச்சு டைஃபாய்டுங்கறது. ஒரு வாரம் பத்து நாள் விட்டு ரெண்டாந்தடவ எடுத்து அளவு நாலு மடங்கு ஏறியிருந்தா அப்ப யோசிக்கலாம், ஆனா ரெண்டாந்தடவ யாருங்க எடுக்கறாங்க, அதுக்குள்ள மாத்திரை தின்னு முடிச்சிருப்போம்.

சரியான வழி பிளட் கல்ச்சர், மொத வாரத்துலயே, ஆன்டிபயாடிக் தொடறதுக்கு முன்னாடி, பெரியவங்களுக்கு எட்டு பத்து மில்லி ரத்தமாவது எடுத்து. அதுலயும் நூத்துக்கு அறுவது பேருக்குப் பக்கமாத்தான் புடிபடும், அது உண்மை, ஆனா புடிபட்டுதுன்னா கிருமி கைல இருக்குது, எந்த மருந்து கேக்கும்னும் தெரிஞ்சு போகும். இது ஏன் முக்கியம்னா நம்ம நாட்டு டைஃபாய்டு கிருமில பெரும்பங்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு சரியா மசியறதில்ல. பாகிஸ்தான்ல சிந்து மாகாணத்துல 2016ல இருந்து பரவினது செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்கல. மெடிக்கல் ஷாப்புல நாமளா நாலு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு காய்ச்சல் எறங்குனதும் நிறுத்தறோமே, இதெல்லாம் அங்க இருந்துதான் கெளம்புது.

அடுத்த தடவ டாக்டர்கிட்ட "கல்ச்சர் போடலாமுங்களா சார்"னு தன்மையா ஒரு வார்த்தை கேளுங்க. கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சுக்கிட்டா வேற டாக்டரப் பாருங்க. தடுப்பூசியும் இருக்குதுங்க, ஹைதராபாத்ல தயாராகற டைஃபாய்டு கான்ஜுகேட் ஊசிய உலக சுகாதார நிறுவனம் 2017 கடைசிலயே அங்கீகரிச்சிருச்சு, ஆறு மாசக் கொழந்தைல இருந்து போடலாம்.

கேள்வி: கோழி, முட்டைன்னாலே கிருமி, ஆன்டிபயாடிக்னு எங்களையே கை காட்டறீங்க. நாங்க என்ன வெசமா விக்கறோம்? (பண்ணையாளர், நாமக்கல்)

கோவிச்சுக்காதீங்கண்ணா, நாமக்கல் முட்டை இல்லாட்டி பாதி சத்துணவுக் கூடத்துல தட்டு காலியாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு கிருமி கோழிகூட ஒட்டிட்டே வருது, மறைக்க முடியாது. ஒண்ணு சால்மொனெல்லா. டைஃபாய்டு குடுக்கறது மனுசன விட்டா வேற எங்கயும் வாழாது, இது அதோட பங்காளிக, வயித்தால போறதும் காய்ச்சலுமா ரெண்டு நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும் படுத்தும். இன்னொண்ணு கேம்பைலோபாக்டர், இத நம்ம பக்கம் யாரும் தேடறதே இல்ல. கோழியோட ஒடம்புச்சூடு 41, 42 டிகிரி, இந்தக் கிருமிக்கு அந்தச் சூடுதான் சொகம், ஆக்சிஜனும் கம்மியா இருக்கோணும். நாங்க சாதாரணமா இன்குபேட்டர 37ல வெச்சு திறந்த காத்துல வளத்தறோம், அங்க அது தலையே காட்டாது. 1977ல இங்கிலாந்துல மார்ட்டின் ஸ்கிரோங்கற டாக்டர் அதுக்குன்னு தனி மீடியா செஞ்சு 43 டிகிரில வெச்சுப் பாத்ததும்தான் வயித்தால போறவங்க அத்தன பேர்கிட்ட இது இருக்குதுன்னு உலகத்துக்கே தெரிஞ்சுது. அதுவரைக்கும் இல்லைன்னே நெனச்சுட்டிருந்தாங்க. சிலருக்கு பேதி நின்னு ரெண்டு வாரங் கழிச்சு கை கால் செயலிழந்து போற கில்லன் பாரே நோயும் இதனால வருது, அபூர்வந்தான், ஆனா வருது.

நம்ம ஊட்டு கோழிக்கொழம்பு கொதிக்கற கொதிக்கு எந்தக் கிருமியும் தாங்காதுங்க. வம்பு கொழம்புல இல்ல, அரிவாமணைலயும் சிங்க்லயும் இருக்குது, பச்சைக் கறிய கொழாயடில கழுவறப்ப தெறிக்கற தண்ணிலயும், அதே பலகைல அப்பறம் வெங்காயம் வெள்ளரிக்கா அரியறதுலயும் இருக்குது. ஹாஃப் பாயில் பிரியருங்க என்னை மன்னிக்கோணும்.

ஆன்டிபயாடிக் விசயத்துக்கு வர்றேன். மனுசனுக்கு வேற எதுவும் கேக்காதப்ப கடைசியா குடுக்கற கொலிஸ்டின்ங்கற மருந்த, கோழி எடை ஏறட்டும்னு தீவனத்துல கலந்துட்டிருந்தாங்க, 2019 ஜூலைல மத்திய அரசு தடை பண்ணிருச்சு, நல்ல காரியம். சீக்குக் கோழிக்கு மருந்து குடுக்கறத யாரும் குத்தஞ் சொல்லல, சீக்கில்லாத கோழிக்கு எதுக்குங்கறதுதான் கேள்வி. உங்கூர்லயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குது, எந்தக் கிருமின்னு பாத்துட்டு மருந்து போடுங்க, செலவும் மிச்சம்.

கேள்வி: வயித்தால போறப்ப ஓஆர்எஸ் எதுக்கு, எங்க தோப்பு எளநி பத்தாதா? (பொள்ளாச்சி வாசகர்)

எளநில பொட்டாசியம் நெறைய, சோடியம் நெம்பக் கம்மி. பேதில வெளிய போறது சோடியம். சாதாரணமா ரெண்டு தடவ போனா எளநி குடிங்க, அரிசிக் கஞ்சில உப்புப் போட்டுக் குடிங்க, தப்பில்ல. விடாம தண்ணியாப் போச்சுன்னா ஓஆர்எஸ்தான். பாக்கெட்டு மேல ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர்லதான் கரைக்கோணும், டம்ளர்ல பாதி பாக்கெட் கொட்டறது, ருசி இல்லைன்னு சர்க்கரை சேத்தறது இதெல்லாம் பேதிய எச்சாக்கும். பாக்கெட் இல்லாட்டி ஒரு லிட்டர் தண்ணிக்கு தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அர டீஸ்பூன் உப்பு.

இது எங்க இருந்து வந்துதுன்னு தெரியுமுங்களா? 1971 பங்களாதேஷ் போர்ல அகதிக லட்சக்கணக்குல மேற்கு வங்காளம் வந்தாங்க, பங்காவ் முகாம்ல காலரா புகுந்துருச்சு, ஏத்தறதுக்கு சலைன் பாட்டில் தீந்து போச்சு. திலீப் மகாலானபிஸ்னு ஒரு டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் தண்ணில கரைச்சு ட்ரம்ல வெச்சு, நர்ஸுக்கு காத்திருக்காம சொந்தக்காரங்களையே மோந்து குடுக்கச் சொல்லிட்டாரு. சாவு நூத்துக்கு முப்பதுன்னு இருந்தது நாலுக்கும் கீழ எறங்குச்சு. குளுக்கோஸ் உள்ள போறப்ப சோடியத்தையும் கூட இழுத்துட்டுப் போகும், தண்ணி அது பின்னாலயே போயிரும், காலரா நச்சு அந்த வழியத் தொடறதில்ல, அவ்வளவுதான் சூட்சுமம். 2022ல காலமானாரு, அடுத்த வருசம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

கல்ச்சர் கல்ச்சர்னு பேசற நானே சொல்றேன், தண்ணியாப் போறப்ப கிருமி பேருக்குக் காத்திருக்காதீங்க, மொதல்ல ஓஆர்எஸ். கொழந்தைகளுக்கு டாக்டர் ஜிங்க் எழுதிக் குடுத்தா 14 நாளும் குடுங்க, பேதி நின்னாலும் நிறுத்தாதீங்க. ரத்தம் போனாலோ, கண்ணு உள்ள போயிருந்தாலோ, மூத்திரம் நின்னுட்டாலோ ஊட்டு வைத்தியம் வேண்டாம்.

கேள்வி: பாடத்துல எல்லாம் ராபர்ட் காக், லூயி பாஸ்டர்தான். இந்தத் துறைல நம்மாளுக யாருமே இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்)

இருக்கறாங்கய்யா, புஸ்தகத்துல போடறதில்ல. காக் 1883 கடைசில கல்கத்தா வந்து 1884ல காலரா கிருமியத் தனியாப் பிரிச்சாரு, அது ஒரு நச்சு விடுதுன்னும் யூகிச்சாரு. அந்த நச்ச நிரூபிக்க எழுவத்தஞ்சு வருசம் ஆச்சு, நிரூபிச்சது அதே கல்கத்தால சம்பு நாத் தேங்கற டாக்டர். முயல் குடல்ல ஒரு துண்ட நூல்ல ரெண்டு பக்கமும் கட்டி, கிருமிய வடிகட்டி எடுத்துட்ட வெறுந் திரவத்த அதுக்குள்ள விட்டாரு, குடல் தண்ணி கோத்து உப்பிருச்சு. கிருமியே இல்லாம பேதி! அதுவரைக்கும் காலரா குடல் தோல உரிச்சுடுதுன்னு நம்பிட்டிருந்தாங்க. 1959ல நேச்சர்ங்கற விஞ்ஞானப் பத்திரிகைல வந்துது. இன்னைக்கு ஓஆர்எஸ் ஏன் வேலை செய்யுதுன்னு நாம விளக்கறதுக்கும் அடிப்படை அதுதான், குடல் சேதாரமில்லாம இருக்கறதாலதான் குடிச்சது உள்ள ஏறுது. நோபல் பரிசுக்கு நோபல் வாங்கின விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் மாதிரி ஆளுக பரிந்துரைச்சும் கெடைக்கல, 1985ல போய்ச் சேந்துட்டாரு. எனக்கு இன்னும் ஆத்தாமைதான்.

நம்ம மாநிலத்துலயும் நடந்திருக்குது. 1992 கடைசில மெட்ராஸ்ல காலராவாட்டவே ஒண்ணு வந்துது, ஆனா வழக்கமான காலரா வகையப் புடிக்கற ஓ1 ஆன்டிசீரத்துக்கு ஒட்டல, புது வகை, ஓ139னு பேர் வெச்சாங்க. பழைய காலராவுக்கு இருந்த எதிர்ப்பு சக்தி இதுக்குச் செல்லாததால பெரியவங்களையும் தூக்கிருச்சு. ஸ்லைடுல ஒட்டலைன்னதும் "காலரா இல்லை"ன்னு எழுதிட்டு விடாம இதென்னன்னு துருவினவங்களாலதான் அது தெரிய வந்துது, இத கிளாஸ்ல வருசா வருசம் சொல்லுவேன். ககன்தீப் காங்னு இன்னொருத்தர், வேலூர் சிஎம்சில கொழந்தைகளோட குடல் சீக்கு ஆராய்ச்சிலயே ஊறினவங்க, 2019ல லண்டன் ராயல் சொசைட்டிங்கற விஞ்ஞானிக சங்கத்துக்கு தேர்வானாங்க, இந்தியாவுல வேலை செய்யற பெண் விஞ்ஞானில அவங்கதான் மொதல். புது பாடப்புஸ்தகம் எழுதறவங்க காதுல போடுங்கய்யா.

கேள்வி: இத்தன வருசம் கிருமியோட இருந்தீங்களே, பயமில்லையா? (உடுமலை வாசகி)

ஷிகெல்லாவுக்கு பயந்தேன். காலரா வரோணும்னா லட்சக்கணக்குல கிருமி உள்ள போகோணும், ஷிகெல்லாவுக்கு பத்துல இருந்து நூறு போதும், நகக்கண்ணுல இருக்கறதே எச்சு. எங்க காலத்துல பிப்பெட்ட வாயில வெச்சு உறிஞ்சுவாங்க, இப்ப நெனச்சாலும் கொமட்டுது. இப்ப வாய்ல யாரும் வெக்கறதில்ல, ஆனா கைல கிளவுஸோட செல்போன எடுத்து காதுல வெக்கறாங்க, ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?

கேள்வி: எங்களுக்கு சிறுவாணித் தண்ணி. அதையும் காய்ச்சித்தான் குடிக்கணுமா? (கோவை, வடவள்ளி)

சிறுவாணி ருசிக்கு நானும் அடிமைதானுங்க. ஆனா டேம்ல நல்லா இருக்கற தண்ணி உங்க டம்ளருக்கு வர்றதுக்குள்ள ரோட்டுக்கடில சாக்கடை ஓரமா போற பைப்பு, உங்க சம்ப்பு, மொட்டை மாடி டேங்கு எல்லாத்தையும் தாண்டி வருது. தண்ணி விடாத நேரத்துல பைப்பு காலியா இருக்கறப்ப விரிசல் வழியா வெளிய இருக்கறது உள்ள போகும். குடிதண்ணில 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாதுங்கறது இந்தியத் தர அளவு. ஈ.கோலை இருந்தா மலம் கலந்திருக்குதுன்னு அர்த்தம், அதத் தேடறதே அதுக்குத்தான். தளதளன்னு கொதி வந்ததும் ஒரு நிமிசம் விட்டு எறக்குங்க, போதும், சுண்டக் காய்ச்ச வேண்டியதில்ல. சம்ப்பு மூடி சரியா ஒக்காருதான்னும் பாத்துக்குங்க.

கேள்வி: மேடம், பேதி வந்த கொழந்தைககிட்ட இருந்து நோய் தர்ற ஈ.கோலை தேடறதுதான் என் பிஎச்டி. பாதி சாம்பிள்ல எதுவுமே வர்றதில்ல, வர்ற ரோஸ் காலனி எல்லாம் சாதா ஈ.கோலையா இருக்குது. கைடு முகங் குடுத்துப் பேசறதில்ல. விட்டுரலாமான்னு இருக்குது. (ஆராய்ச்சி மாணவி, சேலம்)

விடாத கண்ணு. ப்ளேட்டுல பாத்தா எல்லா ஈ.கோலையும் ஒரே ரோஸ்தான், நல்லதும் கெட்டதும் மொகத்துல தெரியாது. ஈடெக், ஈபெக், ஈஏக்னு நோய் தர்ற வகைக எல்லாம் சீக்கு குடுக்கற ஜீன் இருக்குதான்னு பிசிஆர்ங்கற ஜீன் டெஸ்டுல பாத்தாத்தான் பிரியும், அதனால ஒரு ப்ளேட்டுல ஒத்தக் காலனி எடுத்துட்டு நிறுத்தாத, அஞ்சாவது எடு, ஒண்ணு சாதாவா இருந்தா பக்கத்துல இருக்கறது வேறயா இருக்கலாம். எடுத்தத எல்லாம் அன்னைக்கே கிளிசரால்ல போட்டு மைனஸ் 80 டிகிரி பிரீசர்ல ரெண்டு குப்பி வெய்யி, முடிஞ்சா ரெண்டாவது குப்பிய வேற பிரீசர்ல வெய்யி, நம்மூர் கரண்ட நம்பி ஒரே எடத்துல வெக்காத.

பாதி சாம்பிள்ல எதுவும் வரலங்கறது உன்ற குத்தமில்ல. சின்னக் கொழந்தைக பேதில பெரும்பங்கு ரோட்டா மாதிரி வைரஸாலதான், உன்ற மீடியால அது எப்படி வரும்? மிச்சத்துல பாதி ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே மெடிக்கல்ல சிரப் வாங்கிக் குடுத்த கேசா இருக்கும். எதுவும் வரலங்கறதையும் ஒரு அத்தியாயமா எழுது, கைடு மொகத்தத் திருப்பினா டாக்டரல் கமிட்டி இருக்குது, அங்க எழுத்துல குடு, வாய்ல பேசாத. நான் வைவாவுக்கு, அதாவது வாய்மொழிப் பரிட்சைக்கு, எக்ஸாமினரா வந்தா மொதல்ல கேக்கறது "சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி எத்தன கொழந்தைக ஆன்டிபயாடிக் சாப்புட்டிருந்துது"ன்னுதான். அந்தக் கணக்கு உன்ற நோட்டுல இருக்குதான்னு பாரு, இல்லாட்டி நாளைல இருந்து சாம்பிள் ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் சேத்திரு.